மாட்டுங்காவில் ஒரு காம்பாக்ட் கேமரா: மூன்று கரும்புள்ளி, மங்கிய வலப்பக்கம், திறக்க மறுத்த லென்ஸ்

கேமரா: 1 அங்குல சென்சார், 20 மெகாபிக்சல், 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 24 மி.மீ. அகலக் கோணத்தில் எஃப் 1.8 உடன் தொடங்கும் ஜூம் (எஃப் எண் லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் ஏறினால் துவாரம் சிறுக்கும்). பவர் பட்டனை அழுத்தினால் லென்ஸ் மூன்றடுக்காக நீளும். அணைத்தால் உள்ளே போய்விடும். லென்ஸைக் கழற்ற வழியில்லை. 2012-ல் சோனி ஆர்எக்ஸ்100 வந்த பிறகு பெருகிய வகை இது. கேனான் ஜி7 எக்ஸ் வரிசையும் பானசோனிக் எல்எக்ஸ்10-உம் இதே குடும்பம்தான். இந்த ஆய்வில் வரும் கேமராவின் பிராண்டு வேண்டுமென்றே சொல்லப்படவில்லை. சொன்னால் அந்தக் கம்பெனியின் குறை என்று பேச்சு முடிந்துவிடும். நடந்ததில் முக்கால்வாசி, நீளும் லென்ஸ் உள்ள எந்தக் கேமராவுக்கும் நடக்கக்கூடியது.

உரிமையாளர்கள் மும்பை மாட்டுங்கா கிழக்கில் இருக்கும் தமிழ்த் தம்பதி. ஃபோர்ட் பகுதியில் உள்ள போரா பஜாரில் பழைய கேமராவாக வாங்கியது. கணவர் கோயில், கச்சேரி, தெருவிழா எடுப்பார். மனைவி சமையல் படங்களுக்கு அதையே பயன்படுத்துவார். கேமராவுக்கு உறை கிடையாது. லோக்கல் ரயிலில் போகும்போது பேன்ட் பாக்கெட்டில்தான் பயணம். ஜனவரியில் தாராவி 90 அடி சாலைப் பொங்கல், விறகுப் புகைக்கு நடுவே. செப்டம்பரில் கிர்காவ் சௌபாட்டியில் கணபதி விசர்ஜன் (விநாயகர் சிலைக் கரைப்பு), குலால் என்ற வண்ணப்பொடிக்கு நடுவே. அடுத்த பத்து மாதத்தில் வந்த கோளாறுகளின் வரிசை இது:

விசர்ஜன் முடிந்த சில வாரங்களில் வானம் வரும் படங்களில் மூன்று கரும்புள்ளிகள். உறவினர் சொல்கேட்டு வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சினார்கள். புள்ளிகளில் ஒன்று போய், புதிதாக இரண்டு வந்தன. பிறகு ஒரு கடையில் கொடுத்து சென்சாரைச் சுத்தம் செய்தார்கள். தெளிவான புள்ளிகள் போயின, ஆனால் படத்தின் வலப்பக்கம் மங்கிவிட்டது. ஜூலையில், நல்ல மழைக்காலத்தில், லென்ஸ் பாதி நீண்டு நின்றுகொண்டு 'பவரை அணைத்து மீண்டும் இயக்கவும்' என்று செய்தி காட்டத் தொடங்கியது.

நான்கும் தனித்தனிக் கோளாறு போலத்தான் தெரியும். அப்படியல்ல. முதல் புள்ளிக்கு எஃப் 11-இலிருந்து எஃப் 4-க்கு வந்திருந்தாலே, வாக்குவம் கிளீனருக்கும் முதல் கடைக்கும் போக வேண்டியே இருந்திருக்காது.

புள்ளி எங்கே உட்கார்ந்திருக்கிறது

உரிமையாளர் ஃபிலிம் காலத்துப் பழக்கத்தில் வெளிப்புறப் படம் எல்லாவற்றையும் எஃப் 11-இல் எடுத்துவந்தார். செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலைக் கீழிருந்து எடுத்த படத்தில் பாதிக்கு மேல் வெறும் வானம். புள்ளி தெரிவதற்கு இதைவிடத் தோதான படம் கிடையாது.

சென்சாரின் மேல் ஒரு மெல்லிய கண்ணாடி மூடி இருக்கிறது. தூசி விழுவது அந்தக் கண்ணாடியின் மேல். ஒளியை வாங்கும் பரப்பின் மேல் அல்ல. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் சுமார் 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், தூசியின் நிழல் பரவும் அகலம் அந்தத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது. எஃப் 11-இல் ஏறக்குறைய 90 மைக்ரான். எஃப் 4-இல் 250 மைக்ரான். '1 அங்குலம்' வெறும் வகைப்பெயர்தான்; சென்சாரின் அகலம் 13.2 மி.மீ., அதில் 5472 பிக்சல். ஆக ஒரு பிக்சல் 2.4 மைக்ரான். 30 மைக்ரான் தூசி ஒன்று எஃப் 11-இல் 38 பிக்சல் அகலத்துக்குள் ஒளியில் சுமார் 11 விழுக்காட்டை மறைக்கிறது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். அதே தூசி எஃப் 4-இல் 104 பிக்சல் அகலத்துக்குப் பரவி ஒன்றரை விழுக்காடுகூட மறைப்பதில்லை. நீல வானத்தில்கூடத் தேடினால்தான் கிடைக்கும்.

எஃப் 11 இந்தச் சென்சாருக்குத் தேவையும் இல்லை. 1 அங்குலச் சென்சாரின் கிராப் காரணி (35 மி.மீ. ஃபிலிமைவிட எத்தனை மடங்கு சிறியது என்பது) 2.7. எஃப் 4-இல் கிடைக்கும் புல ஆழம் (கூர்மையாகத் தெரியும் தூர வரம்பு) 35 மி.மீ. ஃபிலிமில் எஃப் 11-இல் கிடைப்பதற்குச் சமம். அகலக் கோணத்தில் உண்மையான குவியத்தூரம் 8.8 மி.மீ.; எஃப் 4 வைத்து 2.4 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 1.2 மீட்டரிலிருந்து அடிவானம் வரை கூர்மை. எஃப் 11-க்குப் போனால் ஆழம் கூடுவதற்கு ஈடாக டிஃப்ராக்ஷன் வந்து படம் மொத்தமாக மென்மையாகிறது: ஒரு ஒளிப்புள்ளி அங்கே 15 மைக்ரான் வட்டமாக, அதாவது ஆறு பிக்சலாக, விரிகிறது. வெயிலில் ஒளி அதிகம் என்ற கவலைக்கும் இடமில்லை. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 125-இல் பட்டப்பகல் வெயிலுக்கு எஃப் 4-இல் 1/2000 நொடி போதும். எஃப் 2.8 வேண்டுமென்றால் இந்தக் கேமராவில் உள்ள மூன்று ஸ்டாப் என்.டி. ஃபில்டரை (ஒளியை எட்டில் ஒன்றாகக் குறைப்பது) போட்டுக்கொண்டால் 1/500.

சரி, புள்ளி சென்சாரிலா லென்ஸிலா? சோதனை இப்படிச் செய்ய வேண்டும். கணினித் திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் திறந்து, கேமராவைத் திரைக்கு ஒரு சாண் அருகில் பிடிக்கவும். மேனுவல் ஃபோகஸில் முடிவிலி, ஸ்டெபிலைசர் அணைப்பு, ஐஎஸ்ஓ குறைந்தபட்சம், எஃப் 11, எக்ஸ்போஷர் +1, ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலத்தரவு). ஷட்டர் அரை நொடி முதல் ஒரு நொடி வரை இருக்கட்டும். அது திறந்திருக்கும்போது கேமராவை மெல்ல ஆட்டவும். திரையின் பிக்சல் அமைப்பு கலைந்து போகும், உள்ளே இருக்கும் தூசி மட்டும் நிற்கும். அகலக் கோணம், நடு ஜூம், டெலி (ஜூமின் நெருக்கக் கோடி) மூன்றிலும் ஒவ்வொன்று எடுத்து, பிறகு எஃப் 4-இல் திரும்ப ஒரு முறை.

சென்சார் தூசி மூன்று ஜூமிலும் ஏறத்தாழ அதே இடத்தில் இருக்கும். எஃப் எண் ஏற ஏறச் சின்னதாகி இருளும். லென்ஸின் கடைசிக் கண்ணாடியில் உள்ள தூசி பெரிய மங்கல் வட்டமாகத் தெரியும். ஜூம் மாறினால் இடமும் அளவும் மாறும், சில ஜூமில் காணாமலே போகும். முன் கண்ணாடியில் இருக்கும் தூசி புள்ளியாகத் தெரியவே தெரியாது. விளக்கை நோக்கி எடுத்தால் ஒளிச் சிதறலாக வரும், அவ்வளவுதான்.

இந்தக் குடும்பம் சறுக்கியது ரா கோப்பு என்ற இடத்தில். அவர்கள் பார்த்தது ஜேபெக் படங்களை. இப்படிப்பட்ட சின்ன ஜூம்களில் அகலக் கோணத்தில் பீப்பாய் வளைவு (நேர்கோடுகள் வெளிப்புறமாக வளைவது) கடுமையாக இருக்கும்; கேமராவே படத்தை இழுத்து நேராக்கித்தான் ஜேபெக் ஆக்குகிறது. டெலியில் அந்த இழுப்பு மிகக் குறைவு. ஆகவே மூலையில் இருக்கும் சென்சார் தூசி, அகலக் கோண ஜேபெக்கில் ஓர் இடத்திலும் டெலி ஜேபெக்கில் இன்னோர் இடத்திலும் இருப்பதாகத் தெரியும். நடுவில் உள்ள தூசி நகராது. மூன்றில் இரண்டு புள்ளிகள் மூலையோரம். 'ஜூம் செய்தால் நகருது, அப்ப லென்ஸுக்குள்ள இருக்கு' என்று முடிவு கட்டிவிட்டார்கள். லைட்ரூம் மென்பொருளில் ரா கோப்பைத் திறந்து பார்த்தாலும் இதே ஏமாற்றம்தான், அது கோப்புக்குள் இருக்கும் திருத்தத்தைத் தானாகவே போட்டுவிடும். டார்க்டேபிள் அல்லது ராதெரபியில் லென்ஸ் திருத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது மூன்றும் அசையவில்லை.

வாக்குவம் கிளீனர்

லென்ஸில் தூசி என்று முடிவாகிவிட்டதால் அடுத்து உறிஞ்சு குழாய். காம்பாக்ட் வைத்திருப்பவர்களிடையே பரவலாகச் சுற்றும் கைவைத்தியம் இது: குழாய் முனையை லென்ஸைச் சுற்றிப் பிடித்து, கேமராவை இயக்கி ஜூமை முன்னும் பின்னும் ஓட்டுவது. சிலருக்குப் பலிக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் காற்று எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பவர் குறைவு. லென்ஸ் வழியாக வெளியே போகும் காற்றுக்குப் பதிலாக பேட்டரிக் கதவு, கார்டு துளை, பட்டன் இடுக்கு, ஃபிளாஷ் எழும் பள்ளம் எல்லாவற்றின் வழியாகவும் வடிகட்டாத காற்று உள்ளே வருகிறது. அந்த இடுக்குகளில் பல மாதமாக அடைந்திருக்கும் பாக்கெட் பஞ்சும் கூடவே வருகிறது. ஒரு தூசியை எடுக்கப்போய் இன்னொன்றைக் கூப்பிட்டுவைக்கும் வேலை.

இன்னொரு ஆபத்து விசை. வீட்டு வாக்குவம் கிளீனர் முனையை முழுக்க அடைத்தால் 15 கிலோபாஸ்கல் அளவு இழுக்கும். இந்தக் கேமராவின் லென்ஸ் குழாய் விட்டம் 36 மி.மீ. கணக்குப் போட்டால், குழாயின் மேல் ஒன்றரைக் கிலோ இழுவிசை. அதற்கு எதிராகப் பின்னோக்கி இழுப்பது சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். இங்கே பற்கள் உடையவில்லை, அது அதிர்ஷ்டம். பலன்: ஒரு புள்ளி போனது, சென்சாரில் புதிதாக ஒன்று விழுந்தது, லென்ஸின் கடைசிக் கண்ணாடியில் ஒரு நூல் ஒட்டிக்கொண்டு டெலியில் மட்டும் மங்கல் வட்டமாகத் தெரிய ஆரம்பித்தது.

தூசி முதலில் எப்படி உள்ளே போனது என்பதும் இதே கணக்குதான். 36 மி.மீ. விட்டக் குழாய் 30 மி.மீ. நீண்டால் உள்ளே 30 மில்லி காற்று கூடுதலாக வர வேண்டும். மூடினால் அவ்வளவும் வெளியேற வேண்டும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அந்த இடத்துக் காற்றில் 30 மில்லியைக் கேமரா இழுக்கிறது. அதனால்தான் விறகுப் புகையிலும் குலாலிலும் கேமராவை அடிக்கடி அணைத்து இயக்குவதைவிட, லென்ஸ் வெளியே இருந்தபடியே வைத்துக்கொள்வது மேல். தானாக அணையும் நேரத்தை மெனுவில் கூட்டி வைக்கலாம். பேட்டரி கொஞ்சம் செலவாகும். ஃபில்டர் ஒட்டும் வளையம் போட்டால் தூசி நிற்கும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். அது முன் கண்ணாடியைக் காக்கும். குழாய்களுக்கு இடையே உள்ள வட்ட இடுக்கை அது தொடுவதே இல்லை. ரிக்கோ ஜிஆர் 3-இல் (2019) சென்சாரை அதிரவைத்து உதறும் வசதி உண்டு, அதற்கு முந்தைய ஜிஆர் 2-இல் இல்லை. நீளாத லென்ஸ் கொண்ட ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100வி-யில் (2020) அடாப்டர் வளையமும் 49 மி.மீ. ஃபில்டரும் போட்டால்தான் மழை, தூசிப் பாதுகாப்பு முழுமையாகும். 1 அங்குல ஜூம்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு வசதியும் கிடையாது.

மங்கிய வலப்பக்கம்

முதல் கடை செய்த வேலையில் சென்சார் சுத்தமானது உண்மை. கெட்டது வேறு. இந்த மாடலில் சென்சார்த் தகடு மூன்று சின்ன எம்1.4 திருகுகளில், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங்குடன் நிற்கிறது. தொழிற்சாலையில் அந்த மூன்றையும் திருகித்தான் சென்சாரை லென்ஸுக்கு நேர்செங்குத்தாக நிறுத்தி, பசை வைத்து உறைய வைக்கிறார்கள். திருகுகளை முழுக்கக் கழற்றி, பிறகு கைக்கு இறுக்கமாகத் திரும்பப் போட்டால் அந்த நேர்த்தி போயிற்று.

எவ்வளவு விலகினால் தெரியும்? எஃப் 1.8-இல் இரண்டு பிக்சல் மங்கலை ஏற்றுக்கொண்டால்கூட சென்சார் இருக்க வேண்டிய ஆழ எல்லை மொத்தம் சுமார் 17 மைக்ரான். தலைமயிரின் தடிமனில் கால்பங்கு. எம்1.4 திருகு ஒரு சுற்றுக்கு 300 மைக்ரான் நகரும். அதாவது சுற்றில் பதினாறில் ஒரு பங்கு தவறினாலே எல்லை தாண்டிவிடும்.

கடைக்காரர் 'லென்ஸ் பழசு, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாவதாக அவர்கள் போனது தாராவியில் கேமரா ரிப்பேர் வேலை செய்யும் ஒரு திருநெல்வேலிக்காரரிடம். கேமராவை வாங்கி நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசியது இவ்வளவுதான்:

"அண்ணாச்சி, டெலியில ஒரு புள்ளி வருது. அது போனா போதும்."

"புள்ளி கிடக்கட்டும் சார். வலப்பக்கம் கரைஞ்சு கிடக்கே, அத யாரும் சொல்லலியா?"

அவர் செய்த சோதனையை யாரும் வீட்டில் செய்யலாம். நாளிதழின் விளம்பரப் பக்கம் நான்கைச் சுவரில் சமமாக ஒட்டி, ஒன்றரை மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் கேமரா. அகலக் கோணம், எஃப் 1.8, நடுவில் ஃபோகஸ், இரண்டு நொடி டைமர். ஒரு படம். பிறகு கேமராவைத் தலைகீழாக ஸ்டாண்டில் மாட்டி அதே படம். கணினியில் இரண்டாவது படம் தானாகத் திரும்பிவிடாமல், கேமரா பார்த்தபடியே வைத்து ஒப்பிட வேண்டும். இரண்டு படத்திலும் கேமராவின் அதே பக்கம் மங்கியிருந்தால் சாய்வு கேமராவுக்குள். மங்கல் மறுபக்கத்துக்கு மாறினால் கேமரா சுவருக்கு நேராக நிற்கவில்லை; கேமரா நல்லதுதான். இந்தத் தலைகீழ்ப் படம் எடுக்காமல் 'லென்ஸ் சாய்ந்துவிட்டது' என்று சண்டைக்குப் போகிறவர்கள் நிறைய.

இங்கே மங்கல் கேமராவின் வலப்பக்கத்திலேயே நின்றது. எஃப் 5.6-இல் பாதி சரியானது. அதுவும் சாய்வின் அடையாளம்தான். லென்ஸே சாய்ந்திருக்கக்கூடும் என்ற சந்தேகத்துக்குப் பதில் டெலி முனையில் கிடைத்தது. குழாய் அடிபட்டுக் கோணியிருந்தால் ஜூமுக்கு ஜூம் மங்கும் பக்கமும் அளவும் மாறும். இங்கே எல்லா ஜூமிலும் ஒரே பக்கம்.

குலால்

லென்ஸ் பாதியில் நிற்கும் கோளாறு விசர்ஜன் முடிந்து பத்து மாதம் கழித்து வந்ததால் யாரும் அதோடு இதைச் சேர்த்து யோசிக்கவில்லை. நடுக்குழாயை விரலால் மெல்லத் திருப்பி லூப் (கண்ணில் வைக்கும் சிறு பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தால், குழாய் உள்ளே போகும் படிக்கட்டில் மெல்லிய இளஞ்சிவப்பு வளையம். அதன் மேல் ஜீன்ஸ் துணியின் நீல நார்கள் படுத்துக்கிடந்தன. குலால் என்பது சாயம் ஏற்றிய மாவு அல்லது டால்க் பொடி. வறண்ட மாதங்களில் அது பொடியாகவே இருந்து ஓரளவு வழுக்கிக்கொடுக்கும். ஜூன், ஜூலையில் மும்பையின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நிற்கும்போது மாவு ஈரத்தை வாங்கி, குழாயின் கிரீஸோடு சேர்ந்து பசையாகிறது.

குழாயை ஓட்டும் மோட்டார் எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கேமரா ஒரு சிறிய ஒளி உணர்வியால் எண்ணுகிறது. குறித்த நேரத்துக்குள் எண்ணிக்கை வரவில்லை என்றால், பற்கள் உடையாமல் இருக்க மோட்டாரை நிறுத்திப் பிழைச் செய்தி காட்டுகிறது. செய்தி ஒன்றுதான், காரணம் பல: பசை, மணல், உடைந்த பல், விரிசல் விட்ட ஃபிளெக்ஸ் கேபிள் (வளையும் மெல்லிய மின்பட்டை), வலுவிழந்த பேட்டரி. காதால் பிரிக்கலாம். மோட்டார் முனகி நின்றால் தடை. சக்கரம் சுழலும் ஒலி விடாமல் கேட்டு குழாய் நகராவிட்டால் பல் போயிற்று. குழாய் சுகமாக நீண்டு, படம் மட்டும் துள்ளி நடுங்கி 'டிர்ர்' என்றால் ஸ்டெபிலைசருக்குப் போகும் ஃபிளெக்ஸ் கேபிள்.

எதற்கும் முன்னால் முழுக்க ஏற்றிய அசல் பேட்டரியை மாற்றிப் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பம் பயன்படுத்தியது மலிவான மாற்று பேட்டரி. ஒரு பக்கம் லேசாக உப்பியும் இருந்தது. மோட்டார் தடைப்படும்போது மின்னோட்டம் எகிறும், அந்த பேட்டரியில் மின்னழுத்தம் சரியும், கேமரா அதையும் லென்ஸ் பிழை என்றே சொல்லும். அசல் பேட்டரியோடு பிழை வருவது வெகுவாகக் குறைந்தது, அடியோடு போகவில்லை. உப்பிய பேட்டரியை அன்றே விலக்கிவிட்டார்கள். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரி ஐஎஸ் 16046 தரத்தில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர அமைப்பு) பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்த முத்திரை இல்லாததை இத்தனை நெருக்கமான அறைக்குள் போடக்கூடாது.

தட்டினால் சரியாகும், தரையில் லேசாக மோதினால் சரியாகும் என்பதெல்லாம் பொய்யில்லை, சில சமயம் சரியாகும். மணல் துகள் அடுத்த பள்ளத்துக்கு நகர்ந்திருக்கும், அவ்வளவே. தையல் மெஷின் எண்ணெய் விடுவது மட்டும் கூடவே கூடாது. அது ஊர்ந்துபோய், லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி விரிக்கும் அபெர்ச்சர் இதழ்களில் ஒட்டினால் பிறகு எக்ஸ்போஷரே தாறுமாறாகும்.

திறந்தபோது

அண்ணாச்சியின் முதல் வேலை ஃபிளாஷ் கெப்பாசிட்டர். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் 300 வோல்ட் நிற்கக்கூடும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது சந்தையில் வழக்கம். தீப்பொறி பக்கத்து ஐசி-யைக் கொல்லும், கையையும் உதறவைக்கும். 1 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரு முனையிலும் ஐந்து நொடி பிடித்து, மல்டிமீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே மற்றது.

திருகுகள் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர) தலை, சாதாரண பிலிப்ஸ் முனை போட்டால் மழுங்கிவிடும். கேமராவின் வெளிக்கோட்டைத் தாளில் வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் அதன் இடத்திலேயே டேப்பில் ஒட்டினார். 3 மி.மீ. வர வேண்டிய துளையில் 4 மி.மீ. திருகு போனால் அடியில் இருக்கும் ஃபிளெக்ஸ் கேபிளைத் துளைத்துவிடும். பழுது பார்க்கப்போன கேமராக்கள் செத்துத் திரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

லென்ஸ் தொகுதி வெளியே வந்ததும் மூன்று குழாய்களையும் பிரிப்பதற்கு முன் ஒன்றுக்கொன்று எந்த நிலையில் பொருந்தியிருந்தன என்று ஊசியால் கோடு போட்டுக்கொண்டார். குழாய்களின் பள்ளங்களில் ஓடும் சின்ன முளைகளைச் சுற்றித்தான் இளஞ்சிவப்புப் பசை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் விடாத துணிமுனையால் துடைத்து, உலர்ந்த பிறகு பிளாஸ்டிக்குக்குப் பொருந்தும் சிலிகான் கிரீஸ், ஒரு பள்ளத்துக்குக் குண்டூசித் தலையளவு. அதற்கு மேல் வைத்தால் அடுத்த குலாலுக்குத் தயார் ஆகிவிடும். பற்கள் முழுதாக இருந்தன. ஃபிளெக்ஸ் கேபிளில் விரிசல் இல்லை.

சென்சார்ச் சாய்வை நேராக்கியது பொறுமைக்கான வேலை. பின்மூடி போடாமல் திரையை மட்டும் இணைத்து, சுவர் நாளிதழைப் படமெடுத்து, வலப்பக்கத் திருகைப் பதினாறில் ஒரு சுற்று, மறுபடி படம். இடப்பக்கம் மங்கத் தொடங்கும் இடத்துக்குப் போய்ப் பாதி திரும்பி வருவது. நான்கு மூலையும் எஃப் 1.8-இல் ஒரே மாதிரி வந்த பிறகு திருகுத் தலைகளில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. மூடுவதற்கு முன் சென்சாரில் கை ஊதுபந்தால் மட்டும் ஊதினார். டப்பாவில் வரும் அழுத்தக் காற்றைப் பயன்படுத்தவில்லை. அது சாய்ந்தால் திரவமாகப் பீய்ச்சி, கண்ணாடியில் கறை வைக்கும்.

லென்ஸின் கடைசிக் கண்ணாடியில் இருந்த நூலும் அப்போதே ஊதலில் போய்விட்டது. ஆனால் உள்ளே, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, ஒரு தூசி இருப்பது தெரிந்தது. அதை எடுக்க மறுத்துவிட்டார். எஃப் 8 வரை எந்த ஜூமிலும் அது படத்தில் தெரியவில்லை. ஒட்டிய கண்ணாடித் தொகுதியைப் பிரித்தால் மையம் விலகும். தெரியாத தூசியைத் தொடாததும் ரிப்பேரில் சேர்த்திதான்.

மழைக்காலப் பெட்டி

கேமரா திரும்பி வந்தது ஆகஸ்டில். ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அது கண்ணாடிப் பூச்சையே அரித்துவிட்டால் துடைத்தும் பயனில்லை. வீட்டில் அதுவரை இருந்த ஏற்பாடு அரிசி டப்பா. அரிசி ஈரத்தை மெதுவாகத்தான் வாங்கும், தவிட்டுத் தூளைக் கேமராவுக்கு நிறையக் கொடுக்கும். நீளும் லென்ஸ் உள்ள கேமராவை அரிசியில் புதைப்பது, தூசிப் பிரச்சினைக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்து அதையே இலவசமாக வாங்கிக்கொள்வது.

ரப்பர் விளிம்புள்ள 5 லிட்டர் சமையலறை டப்பா, 200 கிராம் சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர். போதும். 30 டிகிரியில் 85 விழுக்காடு ஈரப்பதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் 26 கிராம் தண்ணீர். 5 லிட்டர் டப்பாவில் 0.13 கிராம்தான். அதைச் சிலிகா ஜெல் ஒரு சிட்டிகையே குடித்துவிடும். பிறகு ஏன் இரண்டு வாரத்தில் ஜெல் நிறம் மாறுகிறது? கூடவே வைக்கும் தோல் உறை, துணிப் பட்டை, கேமரா வாங்கிய அட்டைப் பெட்டி. தண்ணீரைச் சுமந்து வருபவை அவைதான். கேமரா, பேட்டரி, கார்டு மட்டும் டப்பாவுக்குள். தோலும் துணியும் வெளியே. 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கட்டும். 30-க்குக் கீழே நெடுநாள் வைத்தால் ரப்பரும் கிரீஸும் காய்ந்துபோகும். நிறம் மாறிய ஜெல்லை ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் திரும்ப வரும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது. அதைச் சமையல் ஓவனில் வைக்க வேண்டாம். ஆரஞ்சிலிருந்து பச்சையாகும் வகையை வாங்குவது நல்லது.

ஏசி அறையிலிருந்து நேராக மழைக்கால வெளிக்காற்றுக்கு எடுத்தால் லென்ஸ் உள்ளேயும் பனிக்கும். ஜிப் கவரில் போட்டு வெளியே கொண்டுவந்து, கேமரா வெளி வெப்பத்துக்கு வரும் வரை கால் மணி நேரம் திறக்காமல் இருப்பதுதான் வழி.

போரா பஜார் கவுண்டரில்

இந்தக் கேமராவின் கோளாறுகளில் எவையெல்லாம் வாங்கும்போதே தெரிந்திருக்கும் என்று பின்னால் பார்த்ததில், பழைய புள்ளி இரண்டு அப்போதே இருந்திருக்கின்றன. வாங்கிய அன்று கடைவாசலில் எடுத்த முதல் படத்தைப் பளிச்சென்று ஆக்கிப் பார்த்தால் மூலையில் நிழல் தெரிகிறது. அது எஃப் 2.8-இல் எடுத்த படம், அதனால் தப்பிவிட்டது.

சொந்தக் கார்டையும் முழு சார்ஜ் ஏறிய சொந்த பேட்டரியையும் கொண்டுபோக வேண்டும். கடையின் வெள்ளைச் சுவரோ, கைபேசியில் வெள்ளைத் திரையோ இருந்தாலே போதும்: எஃப் 11, முடிவிலி, கேமராவை ஆட்டியபடி மூன்று ஜூமில் மூன்று படம். தெருவுக்கு எதிர்ப்புறம் உள்ள பெயர்ப்பலகைகளை எஃப் 1.8-இல் நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று. லென்ஸைத் தரையை நோக்கியும் வானத்தை நோக்கியும் பிடித்து இயக்கி அணைக்கவும். புவியீர்ப்புக்கு எதிராக நீளும்போது மோட்டாரின் குரல் மாறினால் குழாய்க்குள் ஏதோ இருக்கிறது. கைபேசி டார்ச்சை லென்ஸுக்குச் சாய்வாக அடித்து, சிலந்திவலை போன்ற கிளைகள் தெரிகின்றனவா என்று பார்க்கவும். பூஞ்சை என்றால் விலை பேசாமல் நகரலாம். அடிப்பக்கத் திருகுகளின் தலை மழுங்கியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தது குற்றமல்ல, தலைகீழ்ப் படத்தில் தேறினால் வாங்கலாம்.

சென்சாரில் ஒன்றிரண்டு புள்ளி மட்டும் என்றால் அதைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கிக்கொண்டு, எஃப் 4-இல் எடுக்கலாம். சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டாம். லென்ஸ் முனகுகிறது என்றால், அதே மாடல் பழையதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரிப்பேர் ஆகும் என்று கொண்டு கணக்குப் பாருங்கள். பல் போன ஓசை கேட்டால் உதிரிபாகத்துக்கு மட்டுமே ஆகும், அந்த விலையில் தந்தால் தாராவி அண்ணாச்சிக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாம்.